நற்கடத்தி

மாலை நாலே முக்காலுக்கு என் தம்பி அந்தச் சொல்லைச் சொன்னான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். தம்பி வாசலில் கோலி உருட்டிக்கொண்டிருந்தான். நானோ என் மாமாவோடு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓசூரிலேயே மகிழ்ச்சியான ஆறாம் வகுப்பு மாணவியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் அறிவியல் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம். ஆளுக்கு ஓர் எழுத்து. அதில் தொடங்கும் சொற்களை அறிவியல் பாடத்திலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். புத்தகத்தில் அதற்கு என்ன பொருள், வீட்டிலும் தெருவிலும் என்ன பொருள் என்று வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொல்ல வேண்டும். 'ஞ' வந்தவள் 'ஞாயிறு' என்ற ஒன்றோடு முடித்துவிட்டாள். புத்தகத்தில் சூரியன், வீட்டில் கறிக்குழம்பு.

எனக்கு 'க' வந்தது. வேண்டிய அளவு கிடைத்தது. கரைசல் என்றால் புத்தகத்தில் உப்பும் தண்ணீரும், வீட்டில் புளி. கலவை என்றால் எதிர் மனையில் கொத்தனார் சிமெண்டோடு மணலைப் போட்டுக் குழைப்பது. கதிர் புத்தகத்தில் ஒளி. எங்கள் வீட்டுக்காரம்மாவுக்குப் பேரிகைப் பக்கம் நிலம் இருந்ததால் அவருக்கு அது ராகிக் கதிர். கரு என்றால் முட்டைக்குள்ளிருந்து தம்பி தோண்டித் தின்னும் மஞ்சள்.

'கடத்தி'யில்தான் சிக்கினேன். வெப்பத்தையோ மின்சாரத்தையோ தன் வழியே போகவிடும் பொருள் கடத்தி. நன்றாகப் போகவிட்டால் நற்கடத்தி. செம்பு ஒரு நற்கடத்தி என்று புத்தகம் சொன்னது. தெருப்பொருளைத் தேடி எங்கள் ஊரில் அலைய வேண்டியதில்லை. கர்நாடக எல்லை கூப்பிடு தூரம். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டதும், "கடத்தலா? ரேஷன் அரிசிய மாலூருக்குக் கடத்தறாங்கோ, சாராயத்த இந்தாண்ட கடத்தறாங்கோ, அதான பாப்பா?" என்றார். அந்த நாட்களில் ரேடியோ செய்தியிலும் ஆளைக் கடத்தினார்கள் என்ற பேச்சு அடிக்கடி வரும். அப்படியானால் நற்கடத்தி என்பவன் நல்ல திருடனா? டீச்சர் முன்னால் இதை எப்படிச் சொல்வது?

அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஒங்க மாமா பண்றதும் கடத்தல்தான் தாயி. காலங்கடத்தல்."

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டோடு வந்து, எங்கள் இரண்டு அறை லைன் வீட்டில் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு என்று கிளம்பிப்போய்ச் சினிமா போஸ்டர் பார்த்துவிட்டு வருவார். தேங்காய் வாங்கி வரச் சொன்னால் பூசணிக்காயோடு வருவார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். மாமாவும் கேட்டிருந்தார். ஊரில் அவருக்கு ஒன்றுமில்லை. தீப்பெட்டி ஆபீசும் வானம் பார்த்த பூமியும்தான். அந்த வாரம்தான் தொழிற்பேட்டை ஓரத்தில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் பட்டறை ஒன்றில், பார்க்கலாம் என்ற அளவில், அவரைச் சேர்த்திருந்தார்கள்.

காலங்கடத்தல் என்று அப்பா சொன்னதற்கு மாமா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மறுநாள் நான் பள்ளிவிட்டு வந்தபோது, காலையில் மறந்துவைத்த சாப்பாட்டுத் தூக்கை நாலு மணிக்கு எடுக்க வந்தவர் என்னைப் பார்த்து, "வாரியா, நற்கடத்தின்னா என்னன்னு காட்டுதேன்" என்றார். அம்மா ரேஷன் வரிசையில் நின்றாள். நான் தம்பியிடம், "அம்மா கேட்டா மாமாகூட நற்கடத்தி பாக்கப் போயிருக்கேன்னு சொல்லு. செம்புன்னு சொல்லு" என்று விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவனும் தலையை ஆட்டினான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, கையில் கோலியோடு எதற்கும் தலையை ஆட்டும் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவும் வீட்டுக்காரம்மாவும் பல வருஷம் மாற்றி மாற்றிச் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

"அக்காவ எங்கடா?"

"கடத்தி."

"என்னது?"

"கடத்திம்மா. நல்லாக் கடத்தி."

அம்மாவின் கையிலிருந்த மண்ணெண்ணெய்க் கேன் கீழே விழுந்தது.

"யாருடா? யாருடா கடத்துனது?"

தம்பி யோசித்தான். நான் சொல்லிவிட்டுப் போனதில் இன்னொரு சொல் இருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. "செம்பு" என்றான்.

செம்பு என்று ஒரு ரவுடி ஓசூரில் பிறந்தது அப்போதுதான். தெரு கூடிய சற்று நேரத்தில் அவனைப் பார்த்தவர்களும் கிடைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் சுற்றுவானே, மீசை முறுக்கி இருக்குமே, அவன்தான் என்றார் லேத் பட்டறைக்காரர். "அய்யோ தேவுடா, சானமாவு காட்டுக்குள்ள இட்டுனு போயிட்டா யானை இருக்குமே" என்று வீட்டுக்காரம்மா வாயில் அடித்துக்கொண்டார். "மாமாவும் கூடப் போச்சு" என்று தம்பி சொன்ன பிறகு தெரு இரண்டாகப் பிரிந்தது. இருவரையும் சேர்த்துக் கடத்திவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. செம்புக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததே அந்த வேலைவெட்டி இல்லாத மாமன்தான் என்றது மறு கட்சி. இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் அதிகம். வீட்டுக்காரம்மாவின் புருஷர் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, அப்பாவின் ஆலைக்கு போன் போட்டார். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் தெரிந்தவர். பதற்றத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் பேசியிருக்கிறார்.

அம்மா தரையில் கொட்டிய மண்ணெண்ணெயிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். இந்த இடம் வரும்போது நாங்கள் எப்போதும் சிரிப்போம். போன வாரத்திலிருந்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெங்களூரில் படிக்கும் என் மகள், பஸ் எல்லையில் அத்திப்பள்ளி வந்துவிட்டது என்று போனில் சொன்னாள். அத்தோடு அவள் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்ததுதான், வேறொன்றுமில்லை. வீட்டுக்கு வந்து, பசிக்குது என்று தட்டை எடுத்து வைத்தாள். போதும்மா என்று அவள் தடுக்கும்வரை நான் சோறு போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அன்று எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பட்டறையில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு மணம் வீசியது. வார்னிஷ் என்று பிறகு தெரிந்தது. பெரிய உருளையிலிருந்து செம்புக் கம்பி இழை இழையாக வந்து காயிலாகச் சுருண்டது. மாமா அதைச் சுற்றும்போது பேசவில்லை. வீட்டில் ஓயாமல் பேசும் மனிதர், உதட்டை மடித்துக்கொண்டு, கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரலால் தடவித் தடவி விட்டார். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "ஒன் மாமன் கை ஆடாம நிக்குது பாப்பா" என்றார். பிறகு பாட்டரியையும் குட்டி பல்பையும் செம்பால் இணைத்து மாமா எரியவைத்துக் காட்டினார். "பாத்தியா, இந்தப் பக்கம் கொடுத்தத அந்தப் பக்கம் அப்பிடியே கொண்டு சேத்துரும். கொஞ்சங்கூட எடுத்துக்கிடாது. அதான் நற்கடத்தி." மிச்சக் கம்பியை வளைத்து எனக்கொரு வளையலும் போட்டுவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, கடலை தின்றுகொண்டே தெருவுக்குள் நுழைந்தோம். இத்தனை பேர் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து, யாரோ டி.வி. வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா ஓடிவந்து என்னை இழுத்துத் தலையிலிருந்து கால்வரை தடவினாள். லேத் பட்டறைக்காரர் மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

"எங்கடா அந்த செம்பு?"

மாமா முழித்தார். பிறகு என் கையைக் காட்டி, "இவ போட்டிருக்காளே அண்ணாச்சி" என்றார்.

விஷயம் விளங்கியபோது இரண்டு பேர்தான் சிரித்தார்கள். மற்றவர்களுக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது. செம்பைப் பார்த்திருந்தவர்களுக்கு இன்னும் அதிகக் கோபம். "சொல்லாம கூட்டினு போறதா? ஆம்பளையா நீ?" என்றார் வீட்டுக்காரம்மா. "மொதல்ல இவன ஊருக்கு அனுப்புங்க. இன்னிக்கு இது, நாளைக்கு என்னவோ" என்றார் லேத்துக்காரர். நான் நடுவில் புகுந்து, "செம்பு மின்சாரத்தக் கடத்தும்மா, மாமா கடத்தல" என்று பாடத்தை ஒப்பித்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அம்மா இரண்டு கையாலும் மாமாவின் முதுகில் அடித்தாள். "ஒங்க அத்தான் வரட்டும். இன்னைக்கே பஸ் ஏத்தி விடச் சொல்லுதேன். நீ ஒருநாளும் திருந்த மாட்ட."

"சரிக்கா" என்றார் மாமா. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்தார். பக்கவாட்டில் கட்டியிருந்த கொடியிலிருந்து தன் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி மடிக்கத் தொடங்கினார். மாமாவுக்குச் சட்டை மடிக்கத் தெரியுமா என்று நான் வியந்தேன்.

அப்போது தெருமுனையில் அப்பா வந்தார். ஷிப்ட் முடியும் சங்கு இன்னும் ஊதியிருக்கவில்லை. தலையில் ஆலையின் மஞ்சள் ஹெல்மெட் அப்படியே இருந்தது. காலில் இரும்பு முனை வைத்த கனமான ஷூ. அதை அவர் ஒருநாளும் வீட்டுக்குப் போட்டுவந்ததில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலுக்கு வந்ததும் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு, கொடிக்கருகில் கையில் சட்டையோடு நின்ற மாமாவைப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மாவின் புருஷர் முன்னால் வந்தார். "சார், நான்தான் போன்ல சொன்னது. பயந்துட்டீங்களா?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க மாப்ள கூடப் போயிருக்கான்னு நீங்கதான சொன்னீங்க. அவன்கூட இருக்கையில எனக்கென்னண்ணே பயம்?"

கூட்டம் கலைந்தது. பயப்படாதவர் ஏன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடிக்கும் ஏச்சுக்கும் சிரித்துக்கொண்டே நின்ற மாமா, நல்ல வார்த்தை ஒன்று கேட்டதும் ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்க நின்றார் என்பதும் புரியவில்லை. கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்து, ஊதிவிடலாமா என்று பக்கத்தில் போய் நின்றேன்.

அப்பா வந்து மாமாவின் கையிலிருந்த சட்டையை வாங்கி, விரலால் தொட்டுப் பார்த்து, மறுபடி கொடியில் போட்டார்.

"ஈரமா இருக்கு மாப்ள. கெடக்கட்டும்."