பத்து மணிக்கு எழுதிய 'குட்'

நான் தாதியாகி மூன்றாவது வருடம். மன்னார்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சை வார்டில் வேலை. வாடைக்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு மார்கழிக் காலை அது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் பின்னேரம் பேசாலையிலிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். படகைக் கரையேற்றும்போது அலை தூக்கி அடித்ததில், அவருடைய இடது முன்கை இரண்டு படகுகளுக்கு நடுவே நசுங்கி எலும்பு முறிந்துவிட்டது. பிளாஸ்டர் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட கையை மணிக்கு மணி பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. விரல் சூடாக இருக்கிறதா, நிறம் எப்படி, தொட்டால் தெரிகிறதா, அசைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே வீக்கம் ஏறினால் பிளாஸ்டர் இடம் கொடுக்காது. இரத்தம் ஓடாமல் தசை செத்துப்போகும். அதற்கு நாள்கணக்குத் தேவையில்லை, சில மணித்தியாலங்கள் போதும்.

நான் வேலைக்குப் போனபோது அவர் முனகிக்கொண்டிருந்தார். ஊசி போட்டும் வலி அடங்கவில்லை. வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் தூரத்தில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "உது கை நோ இல்லை. சாராயம் இறங்கின நடுக்கம். பேசாமல் விடும்."

அந்த மனிதர் குடிக்கிறவரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடற்காரர் என்றால் குடிப்பார், அவ்வளவுதான். அந்த மனுசன் வருடக்கணக்காகக் குடியைத் தொட்டதே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

சிஸ்டர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. பத்து மணிக்கு அவருடைய கட்டிலடிக்குப் போய், "விரல் விறைக்குதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"விறைப்பாத்தான் கிடக்கு மிஸ்ஸி," என்றார்.

தொட்டுப் பார்த்தேன். விரல்கள் தடித்து, காய்த்து, கறுத்திருந்தன. கயிறும் உப்பும் தின்ற விரல் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். இப்படி நினைத்த நான் யார்? அதே கரையில் வளர்ந்தவள், ஒரு கடற்காரரின் மகள்! குறிப்புத் தாளில் எனக்கு முந்திய வேளையில் நின்றவர்கள் எழுதிய 'குட்', அதாவது விரல் நல்ல நிலையில் என்ற குறிப்பு, வரிசையாக இருந்தது. அதன் கீழே நானும் ஒரு 'குட்' எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு நோயாளரைப் பார்க்க ஆட்களை உள்ளே விட்டார்கள். அவருடைய மனைவி சோற்றுப் பெட்டியோடு வந்தார். கடற்கரைக் கொட்டில் ஒன்றில், அதுதான் வாடியில், கருவாடு காயப்போடும் வேலை செய்கிறவர். வேலை உடுப்போடேயே பஸ் ஏறி வந்திருந்தார். கணவருக்கு இரண்டு வாய் ஊட்டியிருப்பார், பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மிஸ்ஸி, நான் விரலைக் கிள்ளினதுகூட அவருக்குத் தெரியேல்லை. ஒருக்கால் வந்து பாருங்கோ."

"கடலுக்குப் போறவையின்ர விரல் உப்பிடித்தானே அக்கா, மரத்துப்போய்த்தான் இருக்கும்," என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்த அக்காவுக்கு வந்ததே ஒரு கோபம்! "கடற்காரன் எண்டால் கையில உயிரில்லையோ? வலையில ஒரு கண் அறுந்தாலும் இருட்டுக்குள்ள தடவியே கண்டுபிடிக்கிற விரல் மிஸ்ஸி அது! நம்பாட்டி அவற்ற மற்றக் கையையும் பிடிச்சுப் பாருங்கோ!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. எலும்பு, தசை சம்பந்தமான எந்தப் பரிசோதனையிலும் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட வேண்டும். பரீட்சையில் நான் முழுப் புள்ளி வாங்கிய பதில் அது. அதை எனக்கு நினைவுபடுத்தக் கருவாட்டு வாடியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது.

இரண்டு கைகளையும் பிடித்தேன். வலது கையும் அதே போலக் காய்த்துத்தான் இருந்தது, ஆனால் சூடாக இருந்தது. கிள்ளியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நகத்தை அழுத்திவிட்டதும் சிவப்பு உடனே திரும்பியது. இடது கை ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மீன் போலக் குளிர்ந்தது. அழுத்திய நகம் வெளிறியபடியே நின்றது. நடுவிரலை மெல்ல நிமிர்த்தினேன். அவர் அலறிவிட்டார். தோல் மரத்திருந்தாலும், உள்ளே நெரிபடும் தசையை இழுத்தால் உயிர் போகும்.

ரெலிபோனுக்கு ஓடினேன். "ஆரும் முனகினவுடனே டொக்டரைக் கூப்பிடுறதே?" என்று சிஸ்டர் மறித்தார். நான் எண்ணைச் சுழற்றினேன். டொக்டர் வந்து பிளாஸ்டரை வெட்டி, கையைப் பார்த்ததும், உடனே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

கை தப்பியது. மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் மட்டும் உணர்வு திரும்பவேயில்லை.

மறுநாள் சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பத்து மணிக்கு எழுதினதை மாத்தி, விரல் குளிருது, கவனிச்சுக்கொண்டு இருக்கிறம் எண்டு எழுதிவிடும். விசாரணை எண்டு வந்தால் எல்லாருக்கும் கரைச்சல்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதரின் இரண்டு விரல் போய்விட்டது, இவருக்குத் தாளைப் பற்றிய கவலை! மாற்ற மாட்டேன் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். சிஸ்டருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

சில கிழமைகளின் பின் கிளினிக்குக்கு இருவரும் வந்தார்கள். அந்த அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டவில்லை. "இப்ப வலைக்கண்ணை வலக்கையாலதான் தடவிப் பாக்கிறார் மிஸ்ஸி," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் பிளாஸ்டர் போட்ட யாரைப் பார்க்கப் போனாலும், முறியாத கையைத்தான் நான் முதலில் பிடிக்கிறேன். ஆனால் என் கையெழுத்தில் இருக்கும் அந்தப் பத்து மணி 'குட்' அந்தத் தாளில் அப்படியே கிடக்கிறது, பேசாலையில் ஒருவரின் இரண்டு விரல்கள் உணர்வில்லாமல் அப்படியே கிடப்பதைப் போல.