எழுதக் கூடாதென்ற சம்பந்தம்

இன்று என் காதல் நாவல்கள் ஓர் அலுமாரியை நிறைத்துவிட்டன. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கொழும்புப் பத்திரிகையொன்றில் என் முதல் தொடர்கதை வந்தபோது, மருதமுனையில் எங்கள் குடும்பமே தலைகுனிந்து நடந்தது.

அப்போது எனக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நாள் குறிக்க வந்த மாப்பிள்ளையின் தாயார், தேநீரைத் தொடாமலே உம்மாவிடம் சொன்னார்:

"உங்கட மகள் பேப்பர்ல காதல் எழுதுறாவாமே. பழக்கமில்லாம அதெல்லாம் எழுத ஏலுமா? கலியாணத்துக்கு முந்தி நிப்பாட்டிரணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொலைக்கதை எழுதும் ஆணிடம், யாரைக் கொன்றாய் என்று எவராவது கேட்டதுண்டா?

புறப்படும்போது அவர் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, உன்ட கதையில வாற அந்த சல்மா கடைசியில அவனத்தான் கலியாணம் முடிப்பாளா? ஒவ்வொரு கிழமையும் வாசிச்சிட்டுத்தான் இரிக்கன்."

நான் திகைத்துப்போனேன். "நீங்கதானே மாமி எழுத வேணாம் எண்டு சொன்னீங்க?"

"நான் வாசிக்கிறது வேற. என்ட மருமகள் எழுதுறது வேற."

"அப்ப இந்தக் கலியாணம் வேணாம் மாமி," என்றேன், உம்மாவுக்கும் கேட்கும்படியாக.

உம்மா அழுதார். வாப்பா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நானோ அடுத்த வாரத்து அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன்.

பிறகு எத்தனையோ பேர் என்னை ஏசினார்கள். அவர்களையெல்லாம் மறந்துவிட்டேன். என் கதையை ஆசையாகக் கேட்டுக்கொண்டே என்னை எழுத வேண்டாமென்ற அந்தத் தாழ்ந்த குரலை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.