ஐஸில் பிடிக்காத பலகை

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள பனிமலைக்குத் தங்கை மாலாவோடு போயிருந்தேன். நான் வாடகைக்கு எடுத்த ஸ்னோபோர்ட், அந்தப் பனிச்சறுக்குப் பலகை, நன்றாக வளையக்கூடியது. புதுப்பனியில் மிதந்தது, மேடுபள்ளங்களில் என்னோடு சேர்ந்து துள்ளியது.

"அண்ணா, கீழ முழுக்க ஐஸ். உந்தப் பலகை அதிலை பிடிக்காது, மெல்லமா வாங்கோ," என்றாள் மாலா.

"எனக்குத் தெரியும்," என்று வேகமாக இறங்கினேன்.

ஐஸில் பலகையின் விளிம்பு பிடிக்கவேயில்லை. கீழே நின்ற ஒரு வெள்ளைக்காரர்மேல் போய் மோதினேன். வாயெல்லாம் இரத்தத்தோடு எழுந்தவர், என் கழுத்தைப் பிடித்து முகத்தில் குத்தினார். இரண்டாவது குத்தில் என் மூக்கு உடைந்தது. ஓடிவந்த மாலா, என் கை முறிந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே கை மறுபக்கம் திரும்பிக் கிடந்தது.

மறுபடி ஓங்கிய கையை அவர் அடிக்காமல் இறக்கினார். தன் கழுத்தில் சுற்றியிருந்த ஸ்காஃபை அவிழ்த்து என் கையை நெஞ்சோடு கட்டினார். அதற்குள் மேலிருந்து இன்னொருவர் கட்டுப்பாடில்லாமல் வழுக்கிவந்தார். என்னைக் குத்திய இவர் என்மேல் கவிழ்ந்து என்னை மூடிக்கொண்டார். வந்தவரின் பலகை இவர் முதுகில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் இவர் என்மேலிருந்து விலகவில்லை.

நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அடிக்கிற மனிதர் வேறு, காப்பாற்றுகிற மனிதர் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.