கடைசிப் பாட்டு நின்ற இடம்

மகள் பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து இயர்போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை பிலிமத்தலாவை வீட்டிலிருந்து என்னைக் கிளப்பி, கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரெக்கோடிங் பாருக்குக் கொண்டுபோய் விட்டது. கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை அது. பெயரில் 'பார்' இருந்ததால் எங்கள் அம்மா கடைசிவரை அதை நம்பவில்லை. கடைக்கார அண்ணன் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் மெஷினை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்.

மகள் ஒரு பக்கத்தை என் காதில் செருகினாள். "கேட்டுப் பாருங்கப்பா. நீங்க அந்தக் காலத்துல கேட்ட இங்கிலீஷ் பேண்டோட பெஸ்ட் ஆல்பம் இதுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் எரிச்சலும்தான். அந்த ஆல்பத்தை நாங்கள் திட்டிய திட்டு அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது நான் கலஹாவிலிருந்து வந்து புடவைக்கடையில் வேலைக்கு நின்றேன். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நாலைந்து பேர் ரெக்கோடிங் பாரில் கூடுவோம். இங்கிலீஷ் பாதி விளங்காது, கிட்டார் நன்றாக விளங்கும். அந்த பேண்ட் திடீரென்று கிட்டாரைக் குறைத்து, கீபோர்டில் மெதுவாக ஓர் ஆல்பம் போட்டது. எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று கொதித்தோம்.

செருப்புக்கடையில் நின்ற நிஸ்தார் மட்டும் எதிர்க்கட்சி. கடைசிப் பாட்டு மெல்ல மெல்ல ஏறி, பாதியில் டக்கென்று நிற்கும். உடனே கையைத் தூக்குவான். "பேசாதீங்கடா. அந்தரத்துல உட்டுட்டுப் போறான் பாரு, அதுதான்டா பாட்டே."

சாவு வீட்டுப் பாட்டு என்று கேலி செய்தோம். ஒருநாள் கேலி முற்றியது. "ஒங்களுக்குச் சத்தம் மட்டும்தான்டா வேணும்" என்று எழுந்து போனவன் பிறகு வரவில்லை. அவன் கட்டாருக்குப் போனதே வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அந்த ஆல்பத்தைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை.

மகளின் போனில் கடைசிப் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. கிட்டார் வந்தது. நாங்கள் ஏங்கிய அதே கிட்டார், காதைக் கிழித்துக்கொண்டு.

அப்போதுதான் புரிந்தது. அண்ணனின் கேசட்டில் டேப் அந்த இடத்தில் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் எல்லோருடைய கேசட்டும் அதிலிருந்து பதிந்ததுதான். இருந்த கிட்டாரை இல்லையென்று நாங்களும், இல்லாத முடிவை அழகென்று அவனும் சண்டை போட்டிருக்கிறோம்.

இதை அவனிடம் சொல்லலாமா? உலகமே இன்று அவன் பக்கம் வந்திருக்கும்போது, அவன் உயிராய்ப் பிடித்திருந்ததைப் பிடுங்குவதுபோல் இருந்தது. ஆனாலும் அவன் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அழைத்துச் சொல்லிவிட்டேன்.

"நா எப்பவோ கேட்டுட்டேன் மச்சான்" என்றான். "முழுப் பாட்டும் நல்லந்தான். ஆனா அது நம்மட பாட்டு இல்லடா."

ரெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். என் கேசட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மகளின் போனில் அந்தப் பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகவே தொடங்கிவிடுகிறது. நிஸ்தார் கையைத் தூக்க அதில் இடமே இல்லை.