மூன்றாவது பத்தியில் இருந்த மகன்

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக நானும் என் கணவரும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். லாட்ஜ் எதிலும் இடமில்லை. மலைக்காரக் குடும்பம் ஒன்று வாடகைக்கு விட்டிருந்த ஓர் அறைதான் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். களியும் கீரைக் குழம்புமாக அவரே சமைத்துப் போட்டார்.

நான் அப்போது ஓர் அரசு அலுவலகத்தில், மனுக்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருந்தேன். நான் எழுதும் கடிதத்தில் மேலதிகாரி பேனா வைக்கவே இடமிருக்காது என்று எனக்கொரு கர்வம். சாப்பிடும்போது அந்த அம்மாவிடமும் அதைப் பீற்றிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம்.

மறுநாள் காலை காப்பியோடு ஒரு பிளாஸ்டிக் கவரையும் எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க, இதுல எனக்கொரு சந்தேகமுங்க. நீங்கதான் ஆபீஸ்ல எழுதறவங்களாச்சே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் நடமாட முடியும். அப்படி ஏற்றிய ரத்தத்தில் கல்லீரலைக் கெடுக்கும் கிருமி இருந்திருக்கிறது. ரத்தத்தை யார் சோதித்தார்கள், இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அது ஏறியது என்று எல்லாரும் அறிய ஒரு விசாரணை வைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் கவரில் இருந்தது.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நான் எழுதிய கடிதம்!

இது தனிப்பட்ட ஒரு நிகழ்வு, பொது விசாரணைக்கு முகாந்திரம் இல்லை. வழக்கமான பாட்டுத்தான். எங்கள் ஆபீஸ் லட்சணம் அப்படி. யார்மேல் புகாரோ, அவர்களிடமே விளக்கம் கேட்போம். அவர்கள் சொன்னதை அழகாக டைப் அடித்து மனுதாரருக்கு அனுப்புவோம். ஒருமுறை நான் தயங்கியபோது என் அதிகாரி, "விசாரணைன்னு கதவைத் தொறந்தா அப்பறம் மூட முடியாதும்மா" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த அம்மா மூன்றாவது பத்தியில் விரல் வைத்தார். 'தங்களின் ஏழு வயது மகனுக்கு ஏற்றப்பட்ட ரத்தம் முறையாகப் பரிசோதிக்கப்பட்டதே' என்று இருந்தது.

"எனக்குப் பையனே இல்லீங்க. ஒரே பொண்ணுதான். கடைக்காரர்கிட்ட காட்டினனுங்க, டைப் அடிச்சவங்க தப்புன்னு சொன்னாருங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பலீங்க. ஏழு வயசுன்னு சும்மா வருமுங்களா? இன்னொரு ஊட்லயும் ஒரு பையனுக்கு இப்படி ஆயிருக்குதோ?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதே போன்ற பழைய கடிதம் ஒன்றை கம்ப்யூட்டரில் எடுத்து, பெயரையும் முகவரியையும் மாற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். அந்தப் பையனின் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில்தான் இவருடைய பெயரைப் போட்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த அப்பாவுக்கும் 'தனிப்பட்ட ஒரு நிகழ்வு' என்றுதான் எழுதியிருந்தேன்.

"இதை எழுதினது நான்தானுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்தார். "அப்பறம் அழுதுக்கலாமுங்க. அந்தப் பையன் ஊடு எங்கன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"அடுத்தவங்க நோய் விவரத்தை வெளிய சொல்லக் கூடாதுங்க. ரூல் இருக்குதுங்க."

"என் புள்ளைக்கு ரத்தம் ஏத்தறப்ப யாரும் ரூல் பாக்கலீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என் காப்பி ஆறிப்போயிருந்தது. கோயிலுக்குப் போனேன், கும்பிட்டேன். சாமியிடம் என்ன கேட்டேன் என்று இப்போதுகூட நினைவில்லை.

திங்கட்கிழமை பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். பையனின் வீடு அடிவாரத்தில். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லக் கூடாது, பையனின் விவரத்தை அவரிடம் கொடுக்கவும் கூடாது. ஆனால் அந்த அப்பாவிடம் போய் நடந்ததைச் சொல்லி, அந்தக் குடும்பத்தைச் சந்திக்கச் சம்மதமா என்று கேட்கலாமே! போனேன். பையன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

"எங்க பையன் ஒருத்தனுக்குத்தான் இப்படின்னு எழுதியிருந்தீங்க. சரி, நம்ம தலையெழுத்துன்னு உட்டுட்டமுங்க" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்தம்மாளுக்கு போன் போட்டு, நான் வரலாமான்னு கேளுங்க. மேல போற பஸ் வந்துரும்" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு, தங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி ஆன இன்னும் சில பெற்றோர்கள் வந்தார்கள். நடந்ததை நான் அதிகாரியிடம் மறைக்கவில்லை. விளக்கம் கேட்டு எனக்கொரு மெமோ வந்தது, பழைய ரெக்கார்டு அறைக்கு மாற்றலும் வந்தது. விசாரணை மட்டும் இன்றுவரை வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் 'தனிப்பட்ட ஒரு நிகழ்வு' என்று அவர்களுக்கு யாரும் மறுபடி எழுதவில்லை. எழுதவும் முடியாது.

அந்த அம்மாவின் மகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். மலைக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக்கும் போகிறேன். அந்த அம்மா இன்னும் என்னிடம் சிரித்துப் பேசுவதில்லை. காப்பி மட்டும் தருவார்.

என் சர்வீஸில் பிழையே இல்லாமல் எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் உண்மையைச் சொன்னது, நான் பிழையோடு அனுப்பிய அந்த ஒரு கடிதம்தான்.