எழுந்தேன் என்றுதான் எழுதியிருந்தார்

சிவப்பு மையில் திருத்திய அந்தத் தாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ‘எழுந்தேன்’ என்ற சொல்லை அடித்து மேலே ‘எழுந்தான்’ என்று எழுதியிருந்தது. ‘பலகை’யைச் சுற்றி ஒரு வட்டம், ஓரத்தில் ‘படகு’. கவிதை முடிந்த இடத்துக்குக் கீழே, எழுதியவர் எழுதாத ஒரு வரி: ‘வாழ்க்கைக் கடலில் துன்ப அலைகளை வென்றான்!’ ஆச்சரியக்குறி கூடத் திருத்தியவர்களுடையதுதான்.

எழுதியவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எல்லோருக்கும் பி.டி. மிஸ். விளையாட்டு விழாச் சான்றிதழ் அச்சடிக்கத் திருவண்ணாமலையில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். அத்தாவுக்குப் பிறகு கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மிஸ்ஸின் தாடையின் கீழே ஒரு தழும்பு இருந்தது. என்ன என்று கேட்டேன். பலகை அடித்தது என்றார். சென்னைக்குத் தெற்கே கடலோரக் குப்பம் அவருடைய ஊர். யாரோ வெளியூர்க்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு உடைந்த சறுக்குப் பலகையில், பன்னிரண்டு வயதில், வீட்டுக்குத் தெரியாமல் அலைமேல் நிற்கப் பழகியவர். கணுக்காலுக்கு மேல் கடலை அறியாத எனக்கு, கல்லாப்பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து அலையைக் காட்டினார்.

“அலை வர்றதுக்கு முன்னாடி தண்ணி நம்மள பின்னாடி இழுக்கும்க்கா. பலகையோட வால் தூக்கும். அப்பவே எழுந்துடணும். யோசிச்சோம்னா அவ்ளோதான், மூக்கு முழுக்க உப்புத்தண்ணி.”

இதை எழுதுங்களேன் என்றேன். ஏற்கனவே எழுதியிருந்தார், செல்போனில். ஏழே வரி.

*அலை வருமுன்*
*தண்ணீர் பின்னால் நடக்கிறது.*
*அப்போது எழ வேண்டும்.*
*எழுந்தேன்.*
*கால் இரண்டும் பலகைமேல்.*
*கை கட்டிக்கொண்டு*
*ஊர் முழுக்கக் கரைமேல்.*

முதல்முறை அவர் நின்றபோது கரையில் ஒருவரும் கை தட்டவில்லையாம். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று மறுநாளே அவர் அப்பாவிடம் பஞ்சாயத்து வைத்தார்களாம். அந்தக் கடைசி இரண்டு வரியில் எல்லாமே இருந்தது.

அப்போது எங்கள் ஊர்க் கவிதை வட்டம் ஒரு தொகுப்பு கொண்டுவர இருந்தது. அச்சு வேலை எங்களுடையது. அந்தக் கவிதையை வட்டத்தின் தலைவரிடம் கொடுத்தது நான்தான். ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். தொகுப்பில் வந்த மற்றவற்றையும் நான்தான் தட்டச்சு செய்தேன். எங்கு பார்த்தாலும் அலை. நினைவலை, கண்ணீர் அலை, பௌர்ணமிக்கு மலை சுற்றும் மக்கள் அலை. எழுதியவர்களில் ஒருவராவது கடலில் ஒரு வாய் உப்புத்தண்ணீர் குடித்தவர் இல்லை. குடித்த ஒரே ஒருத்தியின் கவிதைக்குத்தான் சிவப்பு மை.

“பொம்பளப் புள்ள பலகை மேல ஏறி நின்னான்னு போட்டா நல்லாவா இருக்கும்? படிக்கிறவங்களுக்குப் பலகைன்னா என்னன்னு தெரியுமா? அலைன்னா துன்பம்மா. கரைன்னா வாழ்க்கை. அதான் கவிதை” என்றார் தலைவர்.

அவர் சொன்னபடியே மாற்றினேன். மிஸ்ஸின் எண் என் போனில் இருந்தது.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில். பொன்னாடை வாங்க மேடைக்குப் போகும் வழியில்தான் மிஸ் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு மேடையேறி, பொன்னாடையை வாங்காமல் மைக்கைப் பிடித்தார். “இதுல இருக்கறது என் கவிதை இல்லீங்க. என்னோடத சொல்றேன்.” இரண்டாவது வரியில் தலைவர் கையசைத்தார்; மைக் அணைந்தது. அறுநூறு பிள்ளைகளை மைதானத்தில் வெறும் குரலால் நிறுத்தி வைக்கிறவருக்கு மைக் எதற்கு? மீதி ஐந்து வரியும் சமையல்கட்டு வரை கேட்டது. கை தட்டியவர்கள் நான்கைந்து பேர். நான் தட்டவில்லை. தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மிஸ் கடைக்கு வந்தார்.

“டைப் பண்ணது யாருக்கா?”

“நான்தான் மிஸ்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊர் அவரைத்தான் திட்டியது. பெரியவரைச் சபையில் அவமதித்த திமிர் பிடித்தவள் என்றார்கள். மிஸ்ஸின் வரியை அவரைக் கேட்காமல் மாற்றியது அவமதிப்பாக ஒருவருக்கும் படவில்லை. அடுத்த கலந்தாய்விலேயே கடலோரப் பள்ளி ஒன்றுக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் தலைவர் மறுபதிப்புக்கு வந்தார். இப்போது பெண்கள் அலைமேல் சறுக்குவதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களாம். அந்தக் கவிதையை, தான் திருத்தியபடியே, தொகுப்பின் முதலில் போட வேண்டுமாம். அவர் எதிரிலேயே, ஸ்பீக்கரில், மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். பல வருடம் கழித்து, பண்ண வேண்டிய அந்த ஒரு போன். விஷயத்தைச் சொன்னேன்.

“நான் எழுதினபடி போடறதா இருந்தா போடுங்கக்கா. இல்லன்னா என் பேரே வேணாம்.”

தலைவருக்கும் கேட்டது. “ஒரு எழுத்து மாறினா என்ன குடி முழுகிடும்? அவங்க பிடிவாதத்துக்கு நீயும் ஆடறியா?” என்றார்.

“ஒரு எழுத்துதானேங்க ஐயா, அப்ப அவங்க எழுதினபடியே விட்டுடலாமே” என்றேன்.

தொகுப்பு இருந்த தன் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். இந்த ஊரில் வேறு அச்சகமே இல்லையா என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனைக் காதில் வைத்தேன். மிஸ் இன்னும் இணைப்பில்தான் இருந்தார்.