பேர் இருக்கும் பக்கம்

போன வாரம் கம்பத்திலிருந்து தேனிக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். கேஸ் என் தோழி ஜமீலாவுடையது. நான் சும்மா துணைக்கு.

அவள் கணவர் வாழைக்காய் வியாபாரி. வெறும் வயிற்றில் டீ, நேரம் தப்பிய சாப்பாடு, அதற்கு மேல் ஒரு நெஞ்செரிச்சல் மாத்திரை... வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். இப்போது இரைப்பையில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மாதிரி மாத்திரையால் கேன்சர் வந்ததென்று வெளிநாட்டில் கேஸ் போடுகிறார்களாம். ஜமீலா செய்தியில் பார்த்துவிட்டாள். இவருக்கும் அதனால்தான் வந்ததா? டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. நானாக இருந்தால் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். அவள் வக்கீலைத் தேடினாள்.

"எந்தக் கம்பெனி மாத்திரைம்மா?" என்று கேட்டார் வக்கீல்.

ஜமீலா பையைக் கவிழ்த்தாள். காலி அட்டைகள். கணவரின் சட்டைப்பை, தலையணைக்கடி, ஜீப் டேஷ்போர்டு என்று துழாவிச் சேர்த்தவை. எல்லாமே ரெண்டு ரெண்டு மாத்திரையாக வெட்டியவை. ஒன்றில் 'லிமிடெட்' என்று இருந்தது. எந்த லிமிடெட்? அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

நாம் எப்படி வாங்குகிறோம்? "நெஞ்செரிச்சல் மாத்திரை ரெண்டு குடுங்க." கடைக்காரர் கத்திரியை எடுப்பார். பேர் கடையிலேயே தங்கிவிடும். சேலை எடுக்கும்போது மட்டும் ஆயிரம் கேள்வி கேட்போம்.

"பேர் தெரியாம யார் மேலம்மா கேஸ் போடுறது?"

"அவுக ஒரே கடையிலதான் வாங்குவாக. கேட்டுட்டு வாரேன் சார்."

"தெரிஞ்சாலும் கேஸ் நிக்கிறது கஷ்டம்மா."

"நிக்குமா நிக்காதானு கோர்ட் சொல்லட்டும். யாருன்னு எனக்குத் தெரியணும்."

கம்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அந்த மெடிக்கலுக்குத்தான் போனாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, அது பழைய சரக்கு... எந்தக் கம்பெனி வந்துச்சோ."

"மொத்தக் கடையில கேளுங்க தம்பி. நாளைக்கும் வருவேன். மறுநாளும் வருவேன்."

கேட்டுச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

"சரி, தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்க" என்றாள் ஜமீலா.

கத்திரியை எடுத்தார்.

"பேர் இருக்குற பக்கமா வெட்டுங்க."

"அப்ப அடுத்த ஆளுக்கு?"

"அவுகளுக்கு எழுதிக் குடுங்க."

அதே மாத்திரை ரெண்டு வாங்கிய அடுத்த ஆள் நான்தான். எழுதித்தான் கொடுத்தார்.